காற்றுக்கு ஒரு கலிங்கு



சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் கொலராடோ மாநிலத்தின் தலைநகராகிய டென்வரில், என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் சுவர் முதல் சுவர் வரை தரை முழுவதையும் மூடிக் கம்பளம் பதித்திருப்பார்கள். நாம் பாயைச் சுருட்டி வெளியே கொண்டுபோய் உதறுவதுபோல் அதனை உதற இயலாது. இருந்த இடத்திலேயே கழுவ வேண்டும். அவ்வாறு கழுவுவதற்கென்றே ஒரு தொழில் அங்கே உண்டு. குளிர்காலம் கழிந்த ஒரு நாள் காலையில், அத்தொழில் செய்வோர் இருவர் ஒரு வேனில் வந்து வாசலில் இறங்கினர். ஒருவர் இளைஞர், வேனுக்கும் அதனுள்ளே இருந்த பொறிக்கும் அவரே உரிமையாளர். மற்றவர் முதியவர், நாட்கூலிக்கு அவருடன் உழைப்பவர்.

வேனிலிருந்து இரண்டு நீண்ட குழாய்கள் வீட்டிற்குள் வந்தன. இளைஞர் கழுவுகோலைக் கம்பளத்தின்மீது பதித்து இழுக்கத் தொடங்கினார். உடனே வாசலில் எஞ்சினின் ஓசை தாழ்ந்தது, முனகியது, நின்றே போயிற்று. மீண்டும் ஓட்டினார், மீண்டும் நின்றது. மூன்றாம் முறையும் அவ்வாறே. அவர் முகம் வாடிவிட்டது. கடற்கரை ஊர் ஒன்றில் முந்திய மாதந்தான் அந்தப் பொறியைப் பழைய விலைக்கு வாங்கியதாகவும், எஞ்சின் தேய்ந்துபோயிருக்க வேண்டுமென்றும், கடன் வாங்கிப் புதிய எஞ்சின் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் என் மகளிடம் கூறினார்.

நான் வெளியே சென்று பார்த்தேன். பொறியின் பெரிய குழாய் ஒன்றின்மேல் கைக்கு அடக்கமான சிறு கருவி ஒன்று இருந்தது. "இதன் வழியாகக் காற்று சீறிக்கொண்டு உள்ளே போயிற்று. உறிஞ்சும் வலிமை வீணாகிறதே என்று சென்ற வாரந்தான் இதனை இறுக்கி மூடினேன்" என்றார் இளைஞர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்த நானும், கசிவை அடைத்தது நல்ல செயல்தானே என்று தலையசைத்தேன். முதியவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்பேனரை எடுத்தார், அச்சிறு கருவியின் மேலிருந்த மறையைச் சில சுற்றுகள் தளர்த்தினார். எஞ்சினை ஓட்டினார். கழுவுகோல் கம்பளத்தில் படிந்தபோதெல்லாம் அக்கருவி வழியே காற்று சீறிற்று, எஞ்சினோ நிற்கவில்லை. நண்பகலுக்குள் வேலை முழுவதும் முடிந்தது.

என் பேத்தி என்னைக் கேட்டாள்: "தாத்தா, காற்று கசிந்தால் வலிமை குறையத்தானே வேண்டும்? எஞ்சினுக்கு வலிமை எப்படிக் கூடியது?"

அன்று அவளுக்குக் கூற என்னிடம் விடை இல்லை. பின்னர் அந்த முதியவரிடம் கேட்டும், கணக்கிட்டுப் பார்த்தும் நான் அறிந்துகொண்ட விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கப்போகிறேன். அச்சிறு கருவிக்கு வெற்றிடத் தணிப்பு வால்வு என்று பெயர்.

முதலில் பொறியின் அமைப்பைக் காண்போம். வேனின் உட்புறத்தில் ஓர் எஞ்சின் இருக்கிறது. அஃது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஒரு பம்பை இயக்கிச் சுடுநீரை மெல்லிய குழாய் வழியே வீட்டிற்குள் அனுப்புதல். எஞ்சினின் புகைபோக்கியிலும் பிற பகுதிகளிலும் வீணாகும் வெப்பத்தைக் கொண்டே பல பொறிகளில் அந்நீரைச் சூடாக்குகிறார்கள். மற்றொன்று, ஊதுகருவி ஒன்றைச் சுழற்றிப் பருத்த குழாய் வழியே காற்றை உறிஞ்சுதல். கழுவுகோல் கம்பளத்தில் சுடுநீரைப் பீச்சுகிறது; அதன் வாய் அந்நீரை அழுக்கோடு உடனே உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சப்பட்ட நீர் வேனிலுள்ள தொட்டியில் தங்குகிறது. காற்று மட்டும் ஊதுகருவியின் வழியாக வெளியேறுகிறது.

பொறியைத் தெருவில் நிறுத்திக் குழாயை வீட்டிற்குள் விடும் முறை புதியதன்று. 1901-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் தூசியை உறிஞ்சும் பொறியொன்றை அமைத்தார். அதற்கு முன்பு தூசியை ஊதித் தள்ளும் கருவிகள் இருந்தன. தூசியைத் தள்ளுவதைவிட இழுத்துக்கொள்வதே தக்க வழியென்று பூத் கண்டார். அவருடைய பொறி மிகப் பெரியது. குதிரைகள் அதனை இழுத்து வந்து தெருவில் நிறுத்தும். எஞ்சின் வெளியில் ஓடும். நீண்ட குழாய்களைச் சாளரங்களின் வழியே உள்ளே கொண்டுசென்று கம்பளங்களைத் துப்புரவு செய்வார்கள். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்காக 1902-இல் வெஸ்ட்மின்ஸ்டர் திருமடக் கோயிலின் கம்பளங்களைத் தூய்மை செய்ததும் இப்பொறியே. டென்வரில் நான் கண்ட வேன், அந்தக் குதிரை வண்டியின் கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம். சுடுநீரால் கழுவும் இவ்வகை வண்டிகள் 1970-களில் அமெரிக்காவில் பெருகின.

இனி, உறிஞ்சுதல் என்பது யாது? வெற்றிடம் நீரை இழுக்கிறது என்று நாம் பேச்சுவழக்கில் கூறுகிறோம். உண்மையில் வெற்றிடம் எதனையும் இழுப்பதில்லை. வெளியிலுள்ள காற்றுத்தான் தள்ளுகிறது. காற்றிற்கு எடை உண்டு. அது நம்மை எல்லாப் பக்கங்களிலும் அழுத்திக்கொண்டிருக்கிறது. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் பெயரால் விளங்கும் 1643-ஆம் ஆண்டுச் சோதனையை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 30 அங்குல உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கி நிற்கும். ஜெர்மனியில் மாக்டபர்க் நகரத் தலைவராக இருந்த ஆட்டோ வான் கெரிக், இரண்டு செப்பு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். குதிரைகளை இருபுறமும் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிக்க இயலாமற் போனதை மக்கள் கண்டு வியந்தனர். அவற்றைப் பற்றிக்கொண்டிருந்தது உள்ளே இருந்த வெறுமையன்று. வெளியே இருந்த காற்றே.

ஆதலின் உறிஞ்சும் பொறியொன்று 14 அங்குல வெற்றிடத்தில் இயங்குகிறது என்றால், உள்ளேயுள்ள அழுத்தம் வெளியழுத்தத்தைவிட 14 அங்குலப் பாதரச அளவு குறைந்திருக்கிறது என்பதே பொருள். இந்த வேறுபாட்டை ஊதுகருவி இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான வேலை முழுவதையும் எஞ்சின்தான் செய்தாக வேண்டும்.

இங்கே ஒரு சிறு சோதனையை உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் தூசி உறிஞ்சும் மின்கருவி இருந்தால், அஃது ஓடும்போது அதன் வாயை ஒரு நொடி உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். அதன் ஓசை உயரும். கருவி திணறுகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அக்கருவியில் இருப்பது விசிறி. வாயை மூடியதும் விசிறிக்குத் தள்ளுவதற்குக் காற்று கிடைப்பதில்லை, சுமை குறைகிறது, ஆதலின் மோட்டார் முன்னிலும் வேகமாகச் சுழல்கிறது. சுமையிறக்கிய வண்டி மாடு துள்ளி நடப்பது போன்றது அது.

ஆனால் வேனிலுள்ள ஊதுகருவி விசிறியன்று. அதன் கூட்டிற்குள் எட்டு என்ற எண்ணின் வடிவங்கொண்ட இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழல்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவை ஒரு குறிப்பிட்ட கொள்ளளவுள்ள காற்றைக் கூட்டின் சுவரோடு சேர்த்து அடைத்து, மறுபுறம் கொண்டுபோய்த் தள்ளுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் மரக்காலால் அளந்து கொட்டுவதுபோல் அளவு மாறாமல் தள்ளும் கருவி இது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்னும் ஊரில் கம்பளி ஆலை நடத்திய ரூட்ஸ் உடன்பிறந்தார் இருவர், ஆலைக்கு நல்லதொரு நீர்ச்சக்கரம் அமைக்க முயன்றபோது இவ்வடிவத்தை அடைந்தனர். நீர்ச்சக்கரமாக அது சிறக்கவில்லை. காற்றை ஊதுவதில் சிறந்து விளங்கிற்று. 1860-இல் அவர்கள் அதற்குக் காப்புரிமை பெற்றனர்.

இத்தகைய கருவியின் வாயை மூடினால் என்ன ஆகும்? விசிறியைப் போல் இது காற்றை விட்டுவிட்டு வெறுமனே சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் தன் கொள்ளளவு முழுவதையும் மறுபுறம் தள்ளியே தீரும். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, வெளியழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவது கடினமாகிறது. எனவே வாயை மூடினால் இதன் சுமை குறையாது, ஏறும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டால், மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

அளவோடு பார்ப்போம். ஒரு நிமிடத்திற்கு 400 கன அடி கொள்ளளவைத் தள்ளும் ஊதுகருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தேவைப்படும் திறன், அழுத்த வேறுபாட்டைக் கொள்ளளவால் பெருக்கினால் கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்டால், ஒவ்வோர் அங்குல வெற்றிடத்திற்கும் ஏறத்தாழ 0.86 குதிரைத்திறன் செலவாகிறது. 10 அங்குலத்திற்கு 8.6 குதிரைத்திறன், 12 அங்குலத்திற்கு 10.3, 14 அங்குலத்திற்கு 12, 16 அங்குலத்திற்கு 13.7. உராய்விற்கும் நீர்ப் பம்பிற்கும் சேர்த்து இன்னும் 3 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 14 அங்குலத்தில் 15 குதிரைத்திறன் தேவை. 16 அங்குலத்தில் 16.7 தேவை. வெற்றிடம் இலவசமாகக் கிடைப்பதன்று. அங்குலம் அங்குலமாக எஞ்சினிடமிருந்து விலைக்கு வாங்கப்படுவது.

சுமை ஏறும்போது எஞ்சின் என்ன செய்கிறது? அதன் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் அமைப்பு, எரிபொருட் கலவை செல்லும் கதவை மேலும் திறந்துவிடுகிறது. கதவு முழுவதும் திறந்துவிட்ட பின்னர் அதற்குமேல் கொடுப்பதற்கு எஞ்சினிடம் ஒன்றுமில்லை. அப்போதும் சுமை ஏறுமானால் வேகம் தளரத் தொடங்கும். விசிறியாக இருந்தால் வேகம் தளர்ந்ததும் அதன் சுமையும் விரைவில் இறங்கிவிடும், எஞ்சின் மூச்சுவிட்டுக்கொள்ளும். அளந்து தள்ளும் கருவியிலோ, ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு வேண்டிய முறுக்குவிசை வேகத்தைப் பொறுத்ததன்று. அழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது. மெதுவாகச் சுற்றினாலும் அதே விசைதான் வேண்டும். செங்குத்தான மேட்டில் மிதிவண்டி ஓட்டிச் செல்பவன் களைத்து மெதுவாக மிதித்தாலும், மேடு தன் சரிவைக் குறைத்துக்கொள்வதில்லை அல்லவா? ஓர் எல்லைக்குமேல் அவன் இறங்கத்தான் வேண்டும். எஞ்சின் நின்றதும் அவ்வாறே. எஞ்சின் நிற்காவிட்டால், எஞ்சினையும் ஊதுகருவியையும் இணைக்கும் பெல்ட் வழுக்கித் தேயும்.

கம்பளம் கழுவும் வேலையில் இந்த ஆபத்து அடிக்கடி நேரும். ஈரம் மிகுந்த, தடித்த கம்பளத்தின்மீது கழுவுகோலின் வாய் அழுந்திப் படியும்போது காற்று புகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. அக்கணமே வெற்றிடம் ஏறுகிறது, சுமையும் ஏறுகிறது. இந்த இக்கட்டிலிருந்து பொறியைக் காப்பதற்காக அமைந்ததே தணிப்பு வால்வு.

அதன் அமைப்பு மிக எளியது. உறிஞ்சும் குழாயில் ஒரு துளை. துளையை மூடியிருக்கும் ஒரு தட்டு. தட்டை அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு சுருள்வில். வில்லின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மறை. குழாய்க்குள் வெற்றிடம் ஏறும்போது வெளிக்காற்று தட்டை உள்நோக்கித் தள்ளுகிறது. வில்லின் வலிமையை அந்தத் தள்ளுவிசை மிஞ்சியதும் தட்டு திறக்கிறது, காற்று உட்புகுகிறது, வெற்றிடம் அந்த அளவோடு நின்றுவிடுகிறது. கழுவுகோலைத் தூக்கியதும் வெற்றிடம் இறங்க, வில் தட்டை மீண்டும் மூடிவிடுகிறது. பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பின் 17-ஆம் நூற்றாண்டில் தம் நீராவிக் கலத்திற்கு அமைத்த காப்பு வால்வும், நம் சமையலறையிலுள்ள அழுத்தக் குக்கரின் காப்பும் இதற்கு உறவினரே. அவற்றில் மிகுந்த அழுத்தம் வெளியே போகிறது. இதில் காற்று உள்ளே வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

நம் ஊர் ஏரிகளில் கலிங்கு உண்டு. நீர் ஓர் அளவுக்கு உயர்ந்ததும் அதன் வழியே வழிந்து ஓடிவிடும். ஓடுகின்ற நீரைப் பார்த்து, 'ஐயோ, வீணாகிறதே!' என்று ஒருவன் கலிங்கின்மேல் மண்ணை அடுக்கி அடைத்தால், சில நாட்கள் ஏரியில் நீர் மிகுந்திருக்கும். பெருமழை வந்த இரவில் கரையே போய்விடும். கலிங்கு நீரை வீணாக்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. கரையால் தாங்க முடிந்த அளவைக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டது. தணிப்பு வால்வு காற்றுக்குக் கட்டிய கலிங்கு. அதன் சீறலைக் கேட்டுக் கசிவென்று எண்ணிய அந்த இளைஞரும், தலையசைத்த நானும், கலிங்கை அடைத்தவர்களே ஆனோம்.

எஞ்சின் நின்றுபோவது மட்டுமே கேடாக இருந்தால், அஃது அத்துணைப் பெரிதன்று, மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம். மற்றொரு கேடு அதனினும் கொடியது. அது வெப்பம். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். ஊதுகருவியிலும் அவ்வாறே காற்று சூடேறுகிறது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்று, கடல்மட்டத்தில் 12 அங்குல வெற்றிடத்தில் இக்கருவியைக் கடந்தால், ஏட்டுக் கணக்கின்படி அதன் வெப்பநிலை 56 டிகிரி உயரும். 14 அங்குலத்தில் 74 டிகிரி உயரும். கழுவுகோலின் வாய் அடைபட்டுக் காற்றோட்டம் குறைந்தால், வெப்பத்தைச் சுமந்து செல்லக் காற்றும் இல்லாமையால் உண்மை நிலை இன்னும் மோசமாகும். உருளைகளுக்கும் கூட்டிற்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. வெப்பத்தால் உருளைகள் விரிந்தால் ஒன்றையொன்று உரசும்; கூட்டையும் உரசும்; இறுதியில் இறுகிப் பற்றிக்கொள்ளும். அப்புறம் அந்த ஊதுகருவியே பாழ். வால்வின் வழியே புகும் குளிர்ந்த காற்று, சுமையைக் குறைப்பதோடு வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகிறது.

இனி டென்வருக்குத் திரும்புவோம். அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரத்தில் உள்ளது. அங்குள்ள மாநிலத் தலைமை மாளிகையின் படிகளில் அந்த உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அப்படியொன்றில் என் பேத்தியோடு நானும் நின்றிருக்கிறேன். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 24.6 அங்குலப் பாதரசமே, கடல்மட்டத்திலோ 29.9. இந்தக் குறைவு நம் பொறியை இரண்டு வழிகளில் தாக்குகிறது.

முதலாவது எஞ்சினை. எஞ்சின் எரிபொருளை மட்டும் உண்டு வாழ்வதன்று, காற்றையும் உண்கிறது. காற்று மெலிந்தால் அதன் வலிமையும் மெலிகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் துணைக்கருவி இல்லாத எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்திற்கும் ஏறத்தாழ 3 சதவீத வலிமையை இழக்கும். கடற்கரையில் 18 குதிரைத்திறன் தந்த எஞ்சின், டென்வரில் ஏறத்தாழ 15.3 தான் தரும். நாம் முன்பு போட்ட கணக்கை நினைவுகூருங்கள். 14 அங்குலத்திற்கு 15 குதிரைத்திறன் வேண்டும். கடற்கரையில் மிச்சம் 3. டென்வரில் மிச்சம் அரையுங்கூட இல்லை. வால்வை இறுக்கி 16 அங்குலத்திற்கு ஏற்றினால் 16.7 வேண்டும். கடற்கரையில் அதையும் எஞ்சின் தாங்கியிருக்கும்; டென்வரில் நின்றுவிடும். அந்த இளைஞரின் எஞ்சின் நின்றது தேய்மானத்தால் அன்று. மலைமேல் ஏறிய எஞ்சினிடம் கடற்கரைக் கூலிக்கும் மிகுதியாக வேலை வாங்கியதால்.

இரண்டாவது, வெப்பத்தை. உள்ளழுத்தத்தைப்போல் வெளியழுத்தம் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தே காற்றின் சூடு அமைகிறது. கடல்மட்டத்தில் 14 அங்குல வெற்றிடம் என்றால் உள்ளே ஏறத்தாழ 16 அங்குல அழுத்தம் மிஞ்சுகிறது. வெளியழுத்தம் அதனைப்போல் 1.9 மடங்கு. டென்வரில் அதே 14 அங்குலம் என்றால் உள்ளே 10.6 தான் மிஞ்சுகிறது. வெளியழுத்தம் அதனைப்போல் 2.3 மடங்கு. கடற்கரையில் 74 டிகிரி உயர்ந்த வெப்பநிலை, டென்வரில் ஏட்டுக் கணக்கின்படியே 110 டிகிரி உயரும். அழுத்த அளவியில் முள் அதே எண்ணைத்தான் காட்டும். பொறி படும் பாடு வேறு. அங்கே வால்வை 11.5 அங்குலத்திற்குத் தளர்த்தினால் வெப்பம் மீண்டும் கடற்கரையின் 74 டிகிரி அளவிற்கே வந்துவிடும். எஞ்சினுக்கும் இரண்டு குதிரைத்திறனுக்கு மேல் மிச்சம் இருக்கும். முதியவர் ஸ்பேனரால் செய்தது இந்தக் கணக்கைத்தான். ஏட்டில் அவர் எழுதவில்லை. குழாயின் வாயை அடைத்து, எஞ்சினை முழுவேகத்தில் ஓட்டி, அளவியின் முள்ளையும் எஞ்சினின் ஓசையையும் நோக்கியபடியே மறையைத் திருகினார்.

அப்படியானால் வெற்றிடத்தைக் குறைத்ததால் கம்பளம் சரியாகக் கழுவப்படாமல் போகாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கம்பளத்திலிருந்து நீரை வெளியேற்றுவதற்கு இரண்டு வேண்டும். இழைகளுக்குள் பதுங்கியிருக்கும் நீரைக் கிளப்புவதற்கு அழுத்த வேறுபாடு வேண்டும். கிளம்பிய நீரைத் துளிகளாக நீண்ட குழாய் வழியே தொட்டி வரையில் ஏந்திச் செல்லக் காற்றோட்டம் வேண்டும். வாயை முற்றிலும் அடைத்தால் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும், காற்றோட்டமோ சுழி. அந்நிலையில் நீர் குழாயில் ஓர் உயரம் ஏறி, அங்கேயே நின்றுவிடும். நெல்லைத் தூற்றுபவன் காற்றடிக்கும் வேளைக்காகக் காத்திருப்பது எதற்காக? காற்று இருந்தால் மட்டும் போதாது. அஃது ஓட வேண்டும். எஞ்சின் தன் முழுவேகத்தில் ஓடும்வரையில்தான் ஊதுகருவி தன் அளவுக் காற்றைத் தள்ளும். வெற்றிடத்தை ஏற்றப்போய் எஞ்சின் வேகத்தை இழந்தால், காற்றோட்டமும் போகும்; கம்பளத்தில் ஈரம் தங்கும்; வேலை கெடும். ஆதலின் சில அங்குலம் விட்டுக்கொடுத்த முதியவர் எதனையும் இழக்கவில்லை. வேலை செய்யும் ஆற்றலைத்தான் பெற்றார்.

உறிஞ்சும் வலிமை குறைந்தது என்று தோன்றினால் வால்வின்மேல் கைவைப்பதற்கு முன்னர்ப் பார்க்க வேண்டியவை பல. தொட்டியின் வடிகட்டியில் நூலும் மயிரும் அடைத்திருக்கலாம், தொட்டி மூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கலாம், குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம். வால்வை வைக்கும் இடமும் முக்கியமானது. வடிகட்டிக்கும் ஊதுகருவிக்கும் இடையே அது இருக்க வேண்டும். வடிகட்டிக்கு முன்னால் இருந்தால், வடிகட்டி அடைபட்டு ஊதுகருவி திணறும்போது வால்வு அதனை அறியவே அறியாது. காவலாளி வேறு தெருவில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

அந்த இளைஞர் அன்று மாலை தம் குழாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டே, தொட்டியின் வடிகட்டியைத் திறந்து பார்த்தார். கம்பளி இழை கற்றைகற்றையாக அடைத்திருந்தது. அவர் முதலில் வலிமைக் குறைவு என்று கண்டது அதனால்தான். அதனைப் பாராமல் வால்வை இறுக்கினார். அதனால் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றதைக் கண்டு கடன் வாங்க முனைந்தார். ஒரு பிழை மற்றொன்றைப் பெற்றது. புதிய எஞ்சின் வாங்கும் எண்ணத்தை அவர் கைவிட்டார். முதியவருக்கு அன்று கூலியோடு சிறிது கூடுதலாகவும் கொடுத்ததை நான் பார்த்தேன்.

மாணவர்களே, நீங்கள் நாளை எந்தப் பொறியின்முன் நின்றாலும், வீணாவது போல் தோன்றும் ஒன்றைக் கண்டால், உடனே அதனை அடைக்க விரையாதீர்கள். இதனை இங்கே வைத்தவர் எதற்காக வைத்தார் என்று முதலில் கேளுங்கள். எந்த அளவுக்குமேல் எந்த உறுப்புத் தாங்காது என்று கணக்கிடுங்கள். ஊரும் உயரமும் மாறினால் அந்த அளவும் மாறும் என்பதை மறவாதீர்கள். கணக்கு அறியாத இடத்தில், அனுபவம் அறிந்தவர் அருகில் இருந்தால் அவரைக் கேளுங்கள். பட்டம் பெற்ற நான் அன்று தலையசைத்தேன். பட்டம் பெறாத அவர் மறையைத் தளர்த்தினார். என் பேத்திக்கு இப்பொழுது இந்த விடை தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டது.